பின்வரிசையில் ஒருவர் உட்காரட்டும்

சென்ற சனிக்கிழமை கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் யோசனை கேட்டு வந்தது. மகள் கணிதத்தில் பி.எஸ்சி., பி.எட். முடித்து, ஜூன் மாதம் புதுச்சேரிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தவள். இப்போதெல்லாம் ஞாயிறு மாலையானால் அவளுக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவு அழவைத்து அனுப்புகிறதாம். சென்னைச் சித்தப்பா தீர்ப்பே சொல்லிவிட்டார்: “வாத்தியார் வேலை இவளுக்குச் சரிப்படாது. டேட்டா சயின்ஸ் படிக்கட்டும், ஒன்றரை லட்சம்தான்.” அம்மா வளையலை அடகு வைக்கத் தயார்.

“போகப் போகச் சரியாகிவிடும்” என்று ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அது பொய். இப்படியே விட்டால் சரியாகாது. அதற்காகச் சித்தப்பாவின் மருந்தும் இந்த நோய்க்கானது அல்ல.

பெண்ணிடம் ஒன்று கேட்டேன்: “இத்தனை மாதத்தில் உன் வகுப்பில் யாராவது வந்து உட்கார்ந்தார்களா?” “ஒரு நாள் தாளாளர் ஜன்னல் வழியாகப் பார்த்தார், சார். சத்தம் அதிகம் என்றார்.”

பி.எட். படிப்பின் 2 ஆண்டுகளில் பள்ளிப் பயிற்சிக்கு மட்டும் 20 வாரங்கள். வழிகாட்டி ஆசிரியர் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். வேலையில் சேர்ந்ததும் அந்த இடம் காலி. எம்.பி.பி.எஸ். முடித்தவர் ஓராண்டு மூத்த மருத்துவர்களின் பார்வையில் வேலை பழகுகிறார். இளம் வழக்கறிஞர் சீனியரின் வழக்குக் கட்டுகளைச் சுமக்கிறார். கொத்தனாரிடம் சேரும் பையன்கூட முதல் நாளே சுவர் எழுப்புவதில்லை. ஆசிரியருக்கு மட்டும் வந்த அன்றே முழுக் கால அட்டவணை. அதிலும் மற்றவர்கள் தள்ளிவிட்ட வகுப்பு. (நானும் வாத்தியாராக இருந்தவன். முதலாண்டில் கத்திக் கத்தித் தொண்டை போய், உப்பு வெந்நீர் கொப்பளித்ததுதான் மிச்சம்.)

அரசுப் பள்ளி என்றால் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து பேசும் குறுவள மையக் கூட்டம் உண்டு, வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநர் உண்டு. தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொழில் மேம்பாடு, வழிகாட்டிகளுக்கென ஒரு தேசிய இயக்கம் என்றெல்லாம் பேசுகிறது. அம்மா, உங்கள் மகளின் பள்ளிக் கதவை இவை எப்போது தட்டுமோ! நாமே தேடிப் போகலாம். டெட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வு, டி.ஆர்.பி. என்னும் ஆசிரியர் தேர்வு வாரியம் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை; கோச்சிங் சென்டர் நோட்டீஸ்கள் சொல்லும்.

முதலில், அதே ‘பி’ பிரிவுக்குப் பாடமெடுக்கும் மூத்த ஆசிரியை ஒருவரிடம் வாரம் ஒரு பாடவேளை பின்வரிசையில் உட்கார அனுமதி கேட்கட்டும். பார்க்க வேண்டியது கணக்கை அல்ல, முதல் ஐந்து நிமிடத்தை. அவர் எங்கே நிற்கிறார்? கரும்பலகையில் எழுதும்போது வகுப்புக்கு முழு முதுகையும் காட்டுகிறாரா? கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் பொறுக்கிறார்? கடைசி பெஞ்சில் சலசலப்பு எழுந்தால் குரலை உயர்த்துகிறாரா, பேசாமல் அந்தப் பக்கம் நடக்கிறாரா? மறுவாரம் அவர் இவள் வகுப்பில் உட்காரட்டும். அந்தக் குறிப்பேடு இருவருக்குள்ளேயே இருக்க வேண்டும். நிர்வாகத்தின் கைக்குப் போனால் அதற்குப் பெயர் இன்ஸ்பெக்ஷன்.

அடுத்து, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான்கு வீடு விசாரித்தால் கிடைப்பார். வடலூரில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்திலும் கேட்டுப் பார்க்கலாம். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் போதும். மாணவர் நோட்டுகளில் ஐந்தை எடுத்துக்கொண்டு போகட்டும். திருத்துவதற்கு அல்ல, எந்தத் தவறு திரும்பத் திரும்ப வருகிறது என்று இருவரும் பார்ப்பதற்கு. அடுத்த வாரப் பாடம் அங்கிருந்து பிறக்கும்.

பள்ளி ஒத்துழைக்கவில்லையா? ஏப்ரலில் வேறு பள்ளி பாருங்கள். நேர்காணலில், “புதிதாக வருபவருக்குத் துணை யார்? வாரத்துக்கு எத்தனை பாடவேளை?” என்று அவளே கேட்கட்டும். அசல் சான்றிதழை ஒப்படைக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடட்டும்.

பணத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், அம்மா. அழுகையை நிறுத்துவதற்காகக் கடன் வாங்கி ஒரு படிப்பில் சேர்க்காதீர்கள். மீனவர் வீட்டுப் பையன் ஒருவன், வலை இறங்கும் ஆழத்தை வைத்து மைனஸ் எண்களைப் புரிந்துகொண்டதை உங்கள் மகள் பத்து நிமிடம் சொன்னாள். டேட்டா சயின்ஸ் பற்றிக் கேட்டபோது துப்பட்டா நுனியைப் பார்த்தாள். துணையோடு ஓராண்டு நடத்திவிட்டு, அப்போதும் பிடிக்கவில்லை என்று அவளே சொன்னால் வாருங்கள், வேறு வழி பேசுவோம். சித்தப்பா போன் செய்தால் என் எண்ணைக் கொடுங்கள்.