நட்சத்திரத்தை நம்பிச் சேர்த்தோம், அம்மா விழுந்துவிட்டார்

கேள்வி: நோயாளிப் பாதுகாப்பில் உயர்ந்த மதிப்பீடு பெற்றதாக விளம்பரம் செய்த தனியார் மருத்துவமனையில், 78 வயது அம்மாவை முட்டி அறுவைச் சிகிச்சைக்குச் சேர்த்தோம். மூன்றாம் நாள் இரவு கழிப்பறைக்கு எழுந்தவர் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அழைப்பு மணி கட்டிலுக்குப் பின்னால் தொங்கியது. படம் எடுத்து வைத்திருக்கிறேன். மதிப்பீடு பொய் என்று வழக்குப் போடலாமா? தம்பியோ, 'காசுக்கு வாங்கிய நட்சத்திரம்' என்று ஃபேஸ்புக்கில் எழுதப்போகிறான். - ஜூரோங் வாசகி

பதில்: அம்மாவின் வலியை நினைத்தால் மனம் கனக்கிறது. ஆனால் உங்கள் வழக்கு நட்சத்திரத்தில் இல்லை, அந்தப் படத்தில் இருக்கிறது.

மதிப்பீடு என்பது பல நோயாளிகளின் கணக்கைச் சேர்த்துப் பிழிந்த சாறு. அமெரிக்காவில் லீப்ஃபிராக் என்ற அமைப்பு ஆண்டுக்கு இருமுறை மருத்துவமனைகளுக்கு A, B என்று எழுத்தில் தரம் கொடுக்கிறது. அதன் நியாயம் பற்றி அங்கேயே சண்டை ஓயவில்லை. வயதானவர்களும் கடும் நோயாளிகளும் அதிகம் வரும் இடத்தில் எண்கள் மோசமாகத் தெரியலாம். ஒவ்வொரு விழுதலையும் நேர்மையாகப் பதியும் வார்டு, பதியாத வார்டைவிடக் கெட்ட பெயர் வாங்கலாம். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். இங்கே சிங்கப்பூரில் நம் சுகாதார அமைச்சு கட்டண விவரங்களை வெளியிடுகிறது. இப்படி ஒற்றை எழுத்தில் தரம் போடுவதில்லை.

ஆகவே உயர்ந்த மதிப்பீடு அம்மாவுக்கு அளித்த வாக்குறுதி ஆகாது. அதே சமயம், 'எங்களுக்கு ஐந்து நட்சத்திரம்' என்று சொல்லி அவர்களும் தப்ப முடியாது. நீதிமன்றம் கேட்பது அந்த இரவைப் பற்றி: விழும் அபாயத்தை மதிப்பிட்டார்களா? மணி கைக்கு எட்டியதா? தாதி கடைசியாக எப்போது வந்து பார்த்தார்? பொறுப்புள்ள மருத்துவத் துறையினர் ஏற்கும் நடைமுறையா அது, அதற்குத் தர்க்கம் உண்டா என்பதே அளவுகோல்.

முதலில் தாதியர் குறிப்பையும் மருத்துவ அறிக்கையையும் எழுத்தில் கேளுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி தன்னைப் பற்றிய பதிவைக் கேட்கும் உரிமை அம்மாவுக்கு உண்டு. கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும். வழக்கு தொடுப்பவரும் அவரே, நீங்கள் அல்ல. காயத்துக்கான வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டுக் காலவரம்பு. அதற்குள் சமரசப் பேச்சுக்கும் வழி இருக்கிறது, அதை ஒதுக்கிவிடாதீர்கள்.

விளம்பரம் தவறான எண்ணம் தருகிறது என்றால் அமைச்சிடம் புகார் செய்யலாம். பொய்யான அல்லது திசைதிருப்பும் மருத்துவ விளம்பரத்துக்குத் தடை உண்டு. எந்த ஆண்டு மதிப்பீடு, யார் கொடுத்தது என்று பார்த்து, விளம்பரப் பக்கத்தின் படத்தை இப்போதே சேமியுங்கள்.

அப்புறம் தம்பி. நடந்ததை நடந்தபடி எழுதட்டும். 'காசுக்கு வாங்கியது' என்று எழுதினால், அதை மெய்ப்பிக்கும் பாரம் அவர் தலையில் விழும். அவதூறு வழக்கு வந்தால் அம்மாவின் வழக்கு பின்னுக்குப் போய்விடும். இன்றிரவே அவரிடம் பேசுங்கள்.