கழிவுநீரில் பாசி வளர்த்து மின்சாரம் எடுக்கலாமாமே, அதில் வீட்டு விளக்கு எரியுமா?

எரியாது. அதற்காகப் புருடா என்றும் தள்ளிவிட முடியாது. கல்லூரிக் கடைசி ஆண்டு புராஜெக்ட்டில் கழிவைத் தின்னும் பாக்டீரியாவிடமிருந்து மின்சாரம் எடுக்கும் இந்த நுண்ணுயிர் எரிபொருள் கலத்தோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டியவன் நான்.

இரண்டு பிளாஸ்டிக் டப்பா, நடுவே புரோட்டானைக் கடத்தும் சவ்வு. ஒரு டப்பாவில் காற்றுப் புகாமல் அடைத்த கழிவுநீரும் கசடும், உள்ளே ஒரு கார்பன் துணி. இது அனோடு. ஆக்சிஜன் இல்லாத அந்த இடத்தில், ஜியோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் கழிவைத் தின்றுவிட்டு எலக்ட்ரான்களைத் துணியில் இறக்கிவிடும். அவை கம்பி வழியாக அடுத்த டப்பாவுக்குப் போகும். புதுச் சரக்கெல்லாம் இல்லை. 1911-லேயே இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்டர் என்ற தாவரவியல் பேராசிரியர் பாக்டீரியாவிலிருந்தும் ஈஸ்டிலிருந்தும் மின்சாரம் எடுத்துக் காட்டிவிட்டார்.

அடுத்த டப்பா கேத்தோடு. வந்த எலக்ட்ரானும் புரோட்டானும் தண்ணீராக மாற அங்கே ஆக்சிஜன் வேண்டும். வழக்கமாகப் பம்ப் வைத்துக் காற்றை ஊதுவார்கள். மின்சாரம் எடுக்க மின்சாரம் செலவழிப்பதா? அந்த வேலையைத்தான் பாசியிடம் விடுகிறோம். குளோரெல்லா என்ற பச்சைப் பாசி வெளிச்சத்தில் ஆக்சிஜன் விடும். தண்ணீரில் உள்ள நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் உறிஞ்சிக்கொள்ளும்.

மல்டிமீட்டரைப் பார்த்தே பொழுதைச் சொல்லிவிடலாம். வெயில் ஏற ஏற வோல்டேஜ் ஏறும், இரவில் படுத்துவிடும். இருட்டில் பாசி தான் விட்ட ஆக்சிஜனைத் தானே சுவாசித்துத் தீர்த்துவிடுகிறது. ஒரு வாரம் பகலிலும் ஏறவில்லை. சவ்வை மாற்றினேன், கம்பியைச் சுரண்டிப் பார்த்தேன், ம்ஹூம். அப்புறம்தான் அனோடு டப்பாவின் உள்சுவரில் பச்சைப் படலம் கண்ணில் பட்டது. ஒளி புகும் டப்பா! ஆக்சிஜனே வரக்கூடாத இடத்திலும் பாசி குடியேறிவிட்டது. கறுப்புத் தாளைச் சுற்றியதும் சில நாளில் சரியானது.

சரி, எவ்வளவு கிடைத்தது? நல்ல நாளில் 1000 ஓம் மின்தடையில் 0.2 வோல்ட். அதாவது 0.04 மில்லிவாட். ஒரு சின்னச் சிவப்பு எல்இடி பளிச்சென்று எரிய சுமார் 40 மில்லிவாட் வேண்டும், ஆயிரம் மடங்கு. டப்பாவைப் பெரிதாக்கினாலும் வோல்டேஜ் கூடாது. ஒரு கலத்தின் கோட்பாட்டு உச்சமே கிட்டத்தட்ட 1.1 வோல்ட்தான். பல கலங்களைத் தொடராகக் கோத்தால், நோஞ்சான் கலம் ஒன்று பிளஸ், மைனஸ் இடம் மாறி மற்றவற்றின் உழைப்பையும் விழுங்கும்.

என்னைக் கேட்டால், விளக்குக் கணக்கே தப்பு. வழக்கமான சுத்திகரிப்பு நிலையத்தில் தொட்டிகளுக்குக் காற்றூதவே மொத்த மின்சாரத்தில் பாதியளவு போய்விடுகிறது. அந்தச் செலவில் பாசி எவ்வளவு மிச்சம் பிடித்துத் தரும் என்பதுதான் கேள்வி. அதற்கும் குளம் வெட்ட இடம் வேண்டும், வெயில் வேண்டும், இரவுக்கு வேறு ஏற்பாடும் வேண்டும்.