ஒரு ‘த்’ படுத்தும் பாடு

கேள்வி: போகியன்று பழைய பொருள்களை எரிக்கும் வழக்கம் எப்படி வந்தது? ‘பழையன கழித்தலும் புதியன புகுத்தலும்’ என்று நம் முன்னோர் சொல்லி வைத்ததன் அறிவியல் காரணம் என்ன? எங்கள் மொட்டைமாடியில் ஒரு பழைய டயர் கிடக்கிறது. எரிக்கலாமா?
– பெயர் போடாத வாசகர், பெரம்பூர்.

பதில்: மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். என் கண்ணில் பட்டது ஒரு ‘த்’.

‘கழித்தலும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ‘த்’தைத்தான் சொல்கிறேன். மூல வரியில் அது கிடையாது. ‘பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல கால வகையினானே.’ நன்னூல், சொல்லதிகாரத்தின் கடைசி நூற்பா. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி என்கிற சமண முனிவர் எழுதியது. அவர் பாயைப் பற்றியும் பேசவில்லை, விளக்குமாற்றைப் பற்றியும் பேசவில்லை. இலக்கணம் சொல்லிக்கொண்டிருந்தார். காலம் மாறும்போது பழைய சொல் வழக்குகள் தாமே போகும், புதியவை தாமே வரும், அதைப் பிழை என்று சொல்லாதே என்றார், அவ்வளவுதான். கழிதல் என்றால் தானாகப் போவது. கழித்தல் என்றால் நாம் பிடித்துத் தள்ளுவது. ஒரு ‘த்’தைச் செருகி, அந்த முனிவரின் கையில் தீப்பெட்டியைக் கொடுத்துவிட்டோம்.

இதைச் செய்தது நீங்கள் மட்டுமல்ல. தினசரிக் காலண்டரில் ஒவ்வொரு ஜனவரியிலும் வருகிறது, அப்புறம் வாட்ஸ்அப்பில். சில வருடங்களுக்கு முன் இதே பக்கத்தில் இதைச் சொல்லப்போய், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் போட்டார். “இலக்கணம் வாழ்க்கைக்கும் பொருந்தும், ஆசிரியர் அவர்களே” என்று முடித்திருந்தார். பொருந்தட்டும் ஐயா, நல்லதுதான். ஆனால் ‘புணர்ச்சி விதி’யையும் அப்படிப் பொருத்திப் பார்க்க நீங்கள் தயாரா என்று கேட்டிருந்தேன். இன்றுவரை பதில் இல்லை.

அந்த நூற்பாவுக்கு நல்ல உதாரணம் அடுப்படியிலேயே இருக்கிறது. ‘ச’ என்ற எழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்கிறார் தொல்காப்பியர். சா வரலாம், சி வரலாம், ச, சை, சௌ மூன்றும் கூடாது. அவர் விதிப்படி நம் வீட்டில் சட்டி இருக்க முடியாது. சண்டை கிடையாது, சட்டை கிடையாது, சளிகூட பிடிக்காது. நன்னூலார் காலத்துக்குள் சட்டி வந்து அடுப்பிலேயே ஏறிவிட்டது. அவரும் ‘ச’வை முதலெழுத்தாக ஒப்புக்கொண்டார். ‘நான்’ என்ற சொல்லும் அப்படித்தான். தொல்காப்பியத்தில் ‘யான்’ உண்டு, ‘நான்’ இல்லை. நன்னூலில் இரண்டும் உண்டு. புதிய நான் வந்தது என்பதற்காகப் பழைய யானைப் பிடித்து யாரும் கொளுத்தவில்லை.

கொளுத்தியவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். ஏடு தேடி கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்குப் போன உ.வே.சாமிநாதையரிடம், சிதைந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் போட்டாயிற்று என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவும் சாஸ்திரப்படி! அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகும் ‘பழையது என்றால் நெருப்பு’ என்று யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சரி, போகிக்கு வருகிறேன். போக்கு, போக்கி, போகி என்று சொல்லாராய்ச்சி செய்து எனக்கு எழுத வேண்டாம், ஏற்கெனவே ஒரு கட்டு இருக்கிறது. போகி என்பது இந்திரனுக்கு ஒரு பெயர், போகத்தை அனுபவிப்பவன். பாம்புக்கும் அந்தப் பெயர் உண்டு. உடனே ‘ஆகா, சிலப்பதிகாரத்து இந்திர விழா!’ என்று கிளம்பிவிடாதீர்கள். அது சித்திரை மாதத்து விழா. இதுவோ மார்கழியின் கடைசி நாள். குளிர் உச்சத்தில் இருக்கும்போது தீ மூட்டுவது நமக்கு மட்டுமே உரிய பழக்கமும் அல்ல. ஏறக்குறைய அதே நாளில் பஞ்சாபில் லோஹ்ரி, ஆந்திரத்தில் போகி மண்டலு. அசாமில் மாக பிஹுவின் விடியலில் மேஜி என்கிற மூங்கில், வைக்கோல் குவியலைக் கொளுத்துகிறார்கள். ஆந்திரக்காரர்கள் அன்று மாலை இன்னொன்றும் செய்வார்கள். சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்து இலந்தைப்பழத்தையும் சில்லறைக் காசையும் தலையில் கொட்டுவார்கள். பிள்ளை அழும், மற்ற பிள்ளைகள் காசைப் பொறுக்கும்.

தமிழ்நாட்டிலும் எல்லா ஊரிலும் போகி என்றால் நெருப்பு இல்லை. நான் கொங்கு நாட்டுக்காரன். எங்கள் வீட்டில் அன்றைக்குக் காப்புக்கட்டு. நீலம் கலந்த சுண்ணாம்பு சுவரில் இன்னும் ஈரமாக இருக்கும். வேப்பிலை, ஆவாரம்பூ, பஞ்சு மாதிரி வெள்ளையாக இருக்கும் பூளைப்பூ, மூன்றையும் கொத்தாகக் கட்டி ஓட்டு இறவாணத்தில் செருகுவோம். அப்புறம் மாட்டுக் கொட்டகை, கிணற்றுமேடு, கடைசியாகக் காட்டு மூலை. பூளைப்பூவுக்கு என்ன அறிவியல் காரணம் என்று என் அப்பத்தாவிடம் ஒருமுறை கேட்டேன். “பறிச்சுட்டு வாடான்னா பேசிட்டு நிக்கிற” என்றார். உங்கள் இரண்டாவது கேள்விக்கும் என் பதில் அதுதான்.

மிச்சம் இருப்பது டயர். 2018 போகியன்று காலையில் பனியும் புகையும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதையே தெரியாமல் விமானங்கள் திண்டாடின. டயரை எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருடம் தவறாமல் கெஞ்சுகிறது. பெரம்பூரில் காதில் விழவில்லை போலிருக்கிறது.

இலக்கணப்படி பார்த்தாலும் இந்த டயர் விவகாரம் பிடித்ததுதான். ‘ட’ சொல்லுக்கு முதலில் வர தொல்காப்பியரும் விடவில்லை, தாராள மனசுக்காரரான நன்னூலாரும் விடவில்லை. இருவரையும் மீறி உள்ளே வந்து உங்கள் மொட்டைமாடி வரைக்கும் ஏறிவிட்டது. ரப்பர் என்பதால் தானாகக் கழியவும் கழியாது, கழித்தால்தான் உண்டு. உங்கள் ‘த்’தை அங்கே தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். தெருமுனைப் பஞ்சர் கடையில் கேட்டுப் பாருங்கள், வாங்கிக்கொள்வார்கள். அதுவரை கவிழ்த்து வைத்துப் பயனில்லை, எப்படி வைத்தாலும் டயருக்குள் தண்ணீர் நிற்கும், கொசு முட்டையிடும். மேலே எதையாவது போட்டு மூடி வையுங்கள்.