செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பில் விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகும் ஆன் ஆக நாலு நிமிடம் ஆகிறதே, ஏன்?

"எஸ்எஸ்டி போடுங்க" (சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சிப் டிஸ்க்) என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போகிற பதில்களைப் பார்த்து அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பதில் தப்பு என்று சொல்லவில்லை, கீழே சண்டைக்கு வந்துவிடாதீர்கள். ஹார்ட் டிஸ்க்கில் ஓடுகிற மெஷினுக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. ஆனால் கோளாறு டிஸ்க்கில் இல்லையென்றால், எஸ்எஸ்டி போட்டாலும் அதே நாலு நிமிடம்தான்.

மாடலை நீங்கள் சொல்லவில்லை. செகண்ட் ஹேண்டில் அதிகம் கைமாறுவது கம்பெனிகள் கழித்துவிடுகிற லாட்டிடியூட், திங்க்பேட், எலைட்புக் வகைகள். உங்களுடையதும் அப்படி ஒன்று, எட்டு வருடப் பழசு, விண்டோஸ் 10 என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்த நாலு நிமிடம் எங்கே கரைகிறது என்று பாருங்கள். போனில் உள்ள ஸ்டாப்வாட்ச் போதும். ரீஸ்டார்ட் கொடுத்து, திரை இருண்டதிலிருந்து லோகோவுக்குக் கீழே புள்ளிகள் சுற்ற ஆரம்பிக்கும் வரை ஒரு கணக்கு. அங்கிருந்து பாஸ்வேர்டு கேட்கும் வரை இன்னொன்று. பாஸ்வேர்டு போட்டு பிரவுசர் திறக்கும் வரை மூன்றாவது. ஷட்டவுன் செய்து அளக்காதீர்கள். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி அதன் மையப் பகுதியான கெர்னலை டிஸ்க்கில் எழுதிவைத்து அடுத்த முறை அதையே எடுத்துப் போடும், உண்மையான நேரம் தெரியாது.

முதல் கணக்கு பெரிதாக இருந்தால் விண்டோஸ் மேல் பழி போட வேண்டாம், அது இன்னும் எழுந்திருக்கவே இல்லை. டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்டப் பக்கத்தின் வலது மேல் மூலையில் 'லாஸ்ட் பயாஸ் டைம்' என்று ஒரு எண் இருக்கும். விண்டோஸுக்கு முன் மெஷினை எழுப்புகிற பயாஸ் எடுத்துக்கொண்ட நேரம் அது (யுஇஎஃப்ஐக்கு முந்தைய லெகசி முறையில் விண்டோஸ் போட்டிருந்தால் வராது). 15 நொடிக்குள் என்றால் சரி. 40, 60 என்று காட்டினால் பயாஸுக்குள் போய் பூட் வரிசையை, அதாவது ஓஎஸ்ஸை (விண்டோஸ் போன்ற இயங்குதளத்தை) எதில் முதலில் தேடுவது என்ற பட்டியலைப் பாருங்கள். அலுவலக மெஷின்களில் நெட்வொர்க் பூட் முதலில் இருப்பது சகஜம். எங்காவது சர்வர் பதில் சொல்லுமா என்று காத்திருந்துவிட்டுத்தான் டிஸ்க்குக்கு வரும். அதை அணைத்துவிடுங்கள்.

பயாஸில் தேதி பின்னால் போயிருந்தால் சிமாஸ் செல் (கடிகாரத்தையும் பயாஸ் அமைப்புகளையும் காக்கும் சின்ன பேட்டரி) செத்துவிட்டது. பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். ஆனால் லேப்டாப்பில் அது பல நேரம் வெறும் காசு வடிவில் இருக்காது. பிளாஸ்டிக் உறை சுற்றி, சிவப்பு கறுப்பு ஒயர் வைத்து, இரண்டு பின் கனெக்டரோடு இருக்கும். அதே கனெக்டர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், செல்லில் நேரடியாக சால்டர் வைக்காதீர்கள். கழற்றுவதற்கு முன் மெயின் பேட்டரியைத் துண்டித்துவிடுங்கள். இன்னொன்று, பயாஸில் சாட்டா மோடு (டிஸ்க்கோடு பேசும் முறை) ஏஎச்சிஐயா ரெய்டா என்று முதலிலேயே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். செல்லை எடுத்ததும் சில மாடல்கள் அதை மாற்றிவிடும். பிறகு நீலத்திரை வரும், ஓஎஸ் போய்விட்டது என்று நினைத்து மறுபடியும் முதலிலிருந்து ஏற்றிக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டாவதும் மூன்றாவதும் இழுத்தால் டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க்கைப் பாருங்கள். ஓஎஸ் போட்ட முதல் ஓரிரு நாள் அப்டேட், டிஃபெண்டர் ஸ்கேன், தேடலுக்கான இண்டெக்ஸ் எல்லாம் ஒன்றாக ஓடும். ஹார்ட் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கும். சார்ஜரில் போட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகும் 100இலேயே நின்று, ரெஸ்பான்ஸ் டைம் நூற்றுக்கணக்கான மில்லி நொடி காட்டினால் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். 'கரண்ட் பெண்டிங் செக்டர்' (படிக்கச் சிரமப்படும் பகுதிகளின் எண்ணிக்கை) பூஜ்யமாக இல்லையென்றால் அன்றைக்கே ஃபைல்களை வெளியே எடுங்கள், அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள். 'சிஆர்சி எரர்' (தகவல் போகும் வழியில் வரும் பிழை) மட்டும் நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க் நன்றாகவே இருக்கலாம், பெரும்பாலும் மதர்போர்டுக்குப் போகிற தட்டையான கேபிள்தான் கோளாறு.

யாரும் சொல்லாத ஒன்று: சார்ஜர். அதே பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு வேகம் 0.79 கிகாஹெர்ட்ஸ் போல எப்போதும் ஒரே எண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? டெல் சார்ஜரின் வட்ட முனைக்குள் நடுவில் ஊசிபோல ஒரு மெல்லிய பின் இருக்கும். நான் இன்ன வாட் என்று சார்ஜர் லேப்டாப்பிடம் சொல்வது அதன் வழியாகத்தான். டூப்ளிகேட் சார்ஜரிலோ, பின் வளைந்ததிலோ அந்தத் தகவல் போகாது. லைட் எரியும், மெஷின் ஆன் ஆகும், ஆனால் பேட்டரி ஏறாது, லேப்டாப் சிபியுவின் கழுத்தைப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிடும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பூட் செய்து பாருங்கள். வேகம் திரும்பினால் செலவு சார்ஜருக்குத்தான், எஸ்எஸ்டிக்கு இல்லை.

தேவையில்லாத ஸ்டார்ட்டப் ஆப்களை அணைப்பது, டிரைவர்களைக் கம்பெனி தளத்திலிருந்து போடுவது எல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். விடுகிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் 8 காலத்திலிருந்து விண்டோஸோடு விற்ற லேப்டாப்களில் லைசென்ஸ் கீ பயாஸுக்குள்ளேயே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கி, வாங்கியபோது இருந்த அதே ஹோம் அல்லது புரோ பதிப்பைப் போட்டால், பெரும்பாலும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். இது தெரியாமல் காசு கொடுத்து, பத்து சாஃப்ட்வேர் திணித்த கோஸ்ட் இமேஜையும் (வேறு மெஷினில் தயார் செய்த விண்டோஸ் நகல்) கூடவே ஒரு கிராக்கையும் (லைசென்ஸை ஏமாற்றும் புரோகிராம்) ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். 'புதிதாகப் போட்ட' ஓஎஸ் முதல் நாளே திணறுவதற்கு அதுவும் ஒரு காரணம். உங்களுடையது அப்படி வந்ததென்றால் மேலே சொன்ன எதையும் செய்வதற்கு முன் அதைத் துடைத்துவிட்டு ஒரிஜினலைப் போடுங்கள்.

விண்டோஸுக்குப் பதிலாக இலவச ஓஎஸ்ஸான லினக்ஸ் போடச் சொல்லவில்லையே என்று கேட்பவர்களுக்கு: 2025 அக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் மெஷினில் விண்டோஸ் 11ஐ மைக்ரோசாஃப்ட் பெரும்பாலும் முறைப்படி ஏற்காது, ஆகவே தாராளமாகப் போடலாம். ஆனால் அங்கும் இதே கதை உண்டு. ஒரே டிஸ்க்கில் இரண்டாவதாக ஒரு லினக்ஸ் போடும்போது அது ஸ்வாப் பார்ட்டிஷனை (ரேம் பத்தாதபோது பயன்படும் டிஸ்க் பகுதி) ஃபார்மேட் செய்தால் அதன் யுயுஐடி என்ற அடையாள எண் மாறிவிடும். முதல் லினக்ஸ் பழைய எண்ணைத் தேடிக்கொண்டு 90 நொடி நிற்கும். பூட்டில் சேர்க்க வேண்டிய பார்ட்டிஷன்களின் பட்டியலான எஃப்எஸ்டேப் ஃபைலில் அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும்.