மரத்தை விற்கலாமா, மிளகை வைத்திருக்கலாமா?

கொடைக்கானல் பக்கம் பண்ணைக்காட்டில் எனக்குக் கொஞ்சம் காபியும் மிளகும் இருக்கிறது. கூட்டுறவுக் கடன் சங்கத்தில் 30 வருடம் வேலையும் பார்த்தேன். நாலைந்து வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் இன்றைய முடிவு எப்படித் தெரியும் என்று யோசிக்க வேண்டிய கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணே, காபிக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் அறுபது மரத்தையும் வியாபாரி மொத்தமாகக் கேட்கிறார். பையனுக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும். கொடுத்துவிடலாமா? (தாண்டிக்குடி)

அறுபதையும் கொடுக்காதீர்கள். 1998-ல் நான் கொடுத்தேன். பணம் கைக்கு வந்த மாதம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வெள்ளைத் தண்டு துளைப்பான் என்றொரு வண்டு இருக்கிறதே, அது வெயில் விழும் தண்டாகத் தேடி முட்டையிடும். அரபிகா ரகக் காபிக்கு எமன் அது. நிழல் போனதும் இலை மஞ்சளடித்தது, தண்டில் வளையம் வளையமாகப் புடைப்பு. புழு உள்ளே போய்விட்டால் மருந்தடித்துப் பயனில்லை, செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். இரண்டு ஏக்கர் எரித்தேன். மறுநடவு செய்த செடி பழம் கொடுக்க மூன்று நான்கு வருடம் ஆகும். அந்த வருடங்களுக்கு என்ன வருமானம் என்று மரம் விற்ற அன்று நான் கணக்குப் போடவில்லை.

உங்கள் தோட்டத்தில் எத்தனை மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வியாபாரி அதை எண்ண மாட்டார். நெருக்கமாக நின்று, கொடியும் ஏறாத மரம் பத்தோ பதினைந்தோ தேறினால், அதை மட்டும் பேசுங்கள். 1955-ஆம் வருட மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் நம் பக்கத்துக்கும் உண்டு. அனுமதி பற்றி விசாரிக்காமல் முன்பணம் வாங்காதீர்கள். மீதி ஃபீஸுக்குக் கல்விக் கடன் கேளுங்கள். பையன் படிக்கும் காலத்தில் தவணை கட்டச் சொல்ல மாட்டார்கள். வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும், அதை முடிந்தபோது கட்டிவந்தால் பாரம் குறையும்.

ஐயா, மகளுக்குக் காதணி விழா. ஒரு லட்சம் மூன்று ரூபாய் வட்டிக்குக் கிடைக்கிறது. மொய் வந்ததும் அடைத்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். சரிதானா? (பெரும்பாறை)

மொய் வரும், தாயி. ஆனால் அது வருமானம் இல்லை. வாங்கியதை நோட்டில் எழுதி வைத்து, அவரவர் வீட்டு விசேஷத்தில் கூடவே கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்யப் போகிறீர்கள். எப்போது கேட்பார்கள் என்றுகூடத் தெரியாத கடன் அது. அதை வைத்து இன்னொரு கடனை அடைப்பது இந்தப் பை காசை அந்தப் பையில் போடுவதுதான்.

மூன்று ரூபாய் வட்டி என்றால் மாதம் 3,000. வருடம் 36,000. அசலைத் தொடாமல் வட்டி மட்டும் கட்டினால் 34-ஆம் மாதம் வட்டியே ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். சங்கத்தில் இருந்தபோது இப்படி மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்தேன். யாரும் ஊதாரி இல்லை. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த பிறகு கடன் தேடினார்கள், அதுதான் விஷயம். கடன் கணக்கை முதலில் போடுங்கள், மண்டபத்தை அப்புறம் பாருங்கள். நகை இருந்தால் கூட்டுறவு வங்கியில் வையுங்கள், வட்டி இதில் பாதிகூட வராது. கோயிலிலேயே காது குத்தி, ஐம்பது பேருக்கு இலை போட்டால் குழந்தைக்கு ஒன்றும் குறைந்துவிடாது. வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

மிளகு 100 கிலோ இரண்டு வருடமாக மூட்டையில் இருக்கிறது. விலை ஏறட்டும் என்று பார்க்கிறேன். நகைக்கடன் வட்டி ஓடுகிறது. பொறுமையாக இருப்பதுதானே தொலைநோக்கு? (கே.சி.பட்டி)

தம்பி, கிலோ 600 என்று வைத்துக்கொள்வோம். மூட்டையில் இருப்பது 60,000. நகைக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் அந்த 60,000-க்கு மாதம் 600 போகிறது. மிளகு மாதா மாதம் கிலோவுக்கு ஆறு ரூபாய் ஏறினால்தான் நீங்கள் இருந்த இடத்திலேயே இருப்பீர்கள். இரண்டு வருடத்துக்கு 144 ரூபாய். ஏறியதா? கடன் இல்லாதவர் வைத்திருக்கலாம், நன்றாகக் காய்ந்த மிளகு கெடாது. நீங்கள் விற்றுவிட்டு நகையை மீட்டுக்கொள்ளுங்கள்.

வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது காரை நியூட்ரலில் போட்டால் பெட்ரோல் மிச்சம் என்கிறான் என் தம்பி. (ஊர் எழுதவில்லை)

மிச்சமே இல்லை. இப்போதைய வண்டிகளில் கியரில் இருந்து ஆக்சிலேட்டரை விட்டால் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடக் கொஞ்சம் குடிக்கும். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவது தனிக் கதை. ஏறுகிற கியரிலேயே இறங்கச் சொல்லுங்கள்.

எனக்கு 64 வயது. வெண்ணெய்ப்பழ (அவகாடோ) கன்று வைக்க ஆசை. காய்க்கும்போது நான் இருப்பேனா என்று மகன் சிரிக்கிறான். (பண்ணைக்காடு)

எனக்கு 67. போன வருடம்தான் நட்டேன், அதனால் பாரபட்சமில்லாத பதிலை எதிர்பார்க்காதீர்கள். விதைக்கன்று என்றால் ஆறேழு வருடம் ஆகும், காயும் தாய்மரம் மாதிரி இருக்கும் என்று சொல்ல முடியாது. விலை கூடினாலும் ஒட்டுக்கன்று வாங்குங்கள், மூன்று நான்கு வருடத்தில் காய்க்கும். ஒரே ரகம் வேண்டாம். சில ரகப் பூ காலையில் பெண்ணாக விரியும், சிலது மதியத்துக்கு மேல். இரண்டும் கலந்து நின்றால் ஒன்றின் மகரந்தம் மற்றதற்குக் கிடைத்துக் காய்ப்பு கூடும். தண்ணீர் தேங்கும் இடத்தில் மட்டும் நடாதீர்கள், வேர் அழுகிவிடும். மழை பிடித்ததும் சரிவில் வையுங்கள், ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்கட்டும். குழி வெட்ட மகனையே கூப்பிடுங்கள்.