எம்.ஏ. இசை: குரு தராத எதைப் பல்கலைக்கழக ஆசிரியர் தருவார்?

கேள்வி: பல வருடமாகக் குருவிடம் பாட்டுக் கற்கிறேன். பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. இசை சேர ஆசை. அங்கே கோட்பாடும் உருப்படி (இசைப்பாட்டு) அமைப்பதும் சொல்லித்தருகிறார்களாம். குருவிடம் கிடைக்காத எது அங்கே கிடைக்கும்?

எனக்குக் கிடைத்தது ஒரு துணைக்கால் வழியாக. அதைச் சொன்னாலே பாதிப் பதில் வந்துவிடும்.

முதல் வருடம். எங்களுக்கு லட்சணம் (இசைக் கோட்பாடு) எடுத்த மேடம் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். ஆரபி ராகத்தில், எட்டு அட்சரம் கொண்ட ஆதி தாளத்தில், இரண்டு ஆவர்த்தனத்துக்கு (தாளச் சுற்று) ஒரு சிட்டைஸ்வரம் (பாட்டின் நடுவில் பாடும் ஸ்வரக் கோவை) போட்டு வர வேண்டும். அட்சரத்துக்கு நாலு வீதம் மொத்தம் 64. எனக்குக் கணக்கு சரியாக வந்தது. ஏறும்போது ஸ ரி ம ப த ஸ, இறங்கும்போது ஸ நி த ப ம க ரி ஸ. ஒரு ஸ்வரம்கூட விதி மீறவில்லை என்ற தைரியத்தில் நோட்டை நீட்டினேன்.

மேடம் அதை நிதானமாகப் பாடிக்கொண்டே வந்தார். இரண்டாவது ஆவர்த்தனத்தில் ‘ம கா ரீ’ என்று எழுதியிருந்த இடத்தில் நிறுத்தினார். “இங்க யாரு வந்து நிக்கிறாங்கன்னு கேளு” என்று சொல்லி அதை மறுபடி பாடினார். தேவகாந்தாரி வந்து நின்றது.

இரண்டு ராகத்துக்கும் ஆரோகண அவரோகணம் (ஏறும், இறங்கும் வரிசை) ஒன்றுதான். ஆரபியில் காந்தாரமும் (க) நிஷாதமும் (நி) தொட்டதும் நகர்ந்துவிடும். தேவகாந்தாரியில் அவை நின்று, அசைந்து, மெல்லத்தான் இறங்கும். நம் ஸ்வர எழுத்தில் க குறில், ஒரு எண்ணிக்கை. கா நெடில், இரண்டு. மேடம் பென்சிலால் அந்தத் துணைக்காலை மட்டும் அடித்தார். ஆரபி திரும்பி வந்தது. ஆனால் கணக்கில் ஒன்று குறைந்தது. “இப்ப அந்த ஒண்ணை எங்க வைப்ப?” என்று கேட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுத்தார், பதில் சொல்லவில்லை.

அன்று இரவு பத்துப் பன்னிரண்டு விதமாகப் பாடிப் பார்த்தேன். கடைசியில் மத்யமத்தை (ம) நீட்டி ‘மா க ரீ’ என்று வைத்ததும் சரியாக உட்கார்ந்தது.

இத்தனைக்கும் தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளில் ஆரபியில் அமைந்த ‘சாதிஞ்செனே’யை என் குருவிடம் பாடம் பண்ணியிருந்தேன். தேவகாந்தாரியில் ‘க்ஷீரசாகர சயன’வும் பாடம். இரண்டையும் அவர் துளி பிசகாமல் கொடுத்திருந்தார். பாடும்போது தொண்டைக்குத் தெரிந்த வித்தியாசம், புதிதாக ஒன்று எழுத உட்கார்ந்தபோது எனக்குத் தெரியவில்லை. குரு கொடுத்ததை எடுத்து வெளியே வைத்து, ‘இது ஏன் இப்படி இருக்கிறது’ என்று பார்க்க வைப்பது நல்ல லட்சண ஆசிரியரின் வேலை. குருவுக்குப் பதிலாக அவர் வரமாட்டார். குருவிடம் போய்விட்டு அவரிடம் போனால்தான் பலன்.

இன்னொரு நாள் கீபோர்டில் கறுப்புக் கட்டைகளை மட்டும் தொடச் சொன்னார். நாலரைக் கட்டையை (நாலாவது வெள்ளைக்கு அடுத்த கறுப்பு) ஸட்ஜமாக (ஸ) வைத்து ஐந்தையும் வரிசையாக வாசித்தால் மோகனம். அதே ஐந்து கட்டைகள்தான்; ஐந்தரையை ஸட்ஜமாக்கினால் மத்யமாவதி, ஆறரையை ஆக்கினால் ஹிந்தோளம், ஒன்றரையில் சுத்த சாவேரி, இரண்டரையில் சுத்த தன்யாசி. இப்படி ஸட்ஜம் மாறி ராகம் மாறுவதுதான் கிரகபேதம். அந்தச் சொல்லைப் புத்தகத்தில் எத்தனையோ முறை படித்திருந்தேன், காதில் விழுந்தது அன்றைக்குத்தான். அப்புறம் அதே வகுப்பில் சிலப்பதிகாரத்தைத் திறந்தார். ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்களுக்கு மாதரி குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு ஸ்வரங்களின் தமிழ்ப் பெயர்களை வைத்து வட்டமாக நிறுத்துகிறாளே, அந்த இடம். தொடக்க ஸ்வரமான குரலை இடம் மாற்றி ஒரு பாலையிலிருந்து (ஸ்வர வரிசை) இன்னொரு பாலையைப் பிறப்பிக்கும் முறை நம்மிடம் அப்போதே இருந்திருக்கிறது. பள்ளியில் தமிழ்ப் பாடமாகப் படித்த வரிகள் ஸ்வரமாக நிற்பதைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதைச் சொல்ல இசையும் தமிழும் ஒருசேரத் தெரிந்த ஆள் வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த விபுலானந்த அடிகள் வருடக்கணக்கில் உழைத்து 1947-இல் ‘யாழ் நூல்’ வெளியிட்டது இந்த வழியில்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சாம்பமூர்த்தி, ஒரு மாணவன் படிப்படியாக ஏறுகிற மாதிரி இசைக்குப் பாடநூல்களே எழுதிவைத்தார். இன்றும் பல கல்லூரிகளில் அவைதான் கையில் இருக்கின்றன.

குறையும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். வேறொரு தாளுக்கு வந்தவர் வருடம் முழுக்கப் பழைய நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதினோம். 72 மேளகர்த்தாவும் (தாய் ராகங்கள்) மனப்பாடம், அவற்றில் முதலாவதான கனகாங்கி எப்படி ஒலிக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை. ஆசிரியர் வேலைக்கு ‘நெட்’ என்ற தகுதித் தேர்வோ முனைவர் பட்டமோ கேட்கிறார்கள். நாகஸ்வரத்தில் கரை கண்ட ஒரு வித்துவானுக்கு அந்தக் காகிதம் இல்லையென்றால் வகுப்பறைக் கதவு திறப்பது கஷ்டம். அண்ணாமலையில் டைகர் வரதாச்சாரியாரும் தண்டபாணி தேசிகரும் சொல்லிக்கொடுத்த காலம் ஒன்று உண்டு. மேடையில் பாடியவர்களே வகுப்பிலும் உட்கார்ந்தார்கள். அந்தச் சேர்க்கை குறைந்துபோனது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சரி, உங்களுக்கு என்ன சொல்வேன்? சேருங்கள், ஆனால் விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் அங்கே படிக்கிற ஒருவரைப் பிடித்து, அவர் போட்ட வர்ணமோ சிட்டைஸ்வரமோ திருத்தி வந்த நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். வெறும் மதிப்பெண்ணும் கையெழுத்தும் இருந்தால் வேறு இடம் பாருங்கள். நடுவில் எங்காவது ஒரு ஸ்வரத்தைச் சுழித்து ஓரத்தில் ஒரு கேள்வி எழுதியிருந்தால், அந்த ஆசிரியர் ஓய்வு பெற இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.