அதே 18 கிலோமீட்டர், வேறு பங்கு

கேள்வி: கிருஷ்ணகிரியில் வசிக்கிறேன், வயது 32. ஜனவரியில் ஓட ஆரம்பித்தேன். வாரம் ஆறு நாள், 400 மீட்டர் மைதானத்தில் ஏழரைச் சுற்று, அதாவது 3 கி.மீ. முதல் இரண்டு மாதத்தில் 28 நிமிடம் 24 ஆனது. ஏப்ரல், மே போயும் அதே 24-தான். இன்னும் அழுத்தி ஓட வேண்டுமா?

பதில்: வேண்டாம். அழுத்தி ஓடுவதுதான் இங்கே சிக்கலே.

அதற்கு முன் ஒரு சந்தேகம். 400 மீட்டர் என்பது உள் லேனுக்கு மட்டும்தான். எட்டாவது லேனில் ஒரு சுற்று ஏறக்குறைய 453 மீட்டர். ஏழரைச் சுற்றில் 400 மீட்டர் கூடிவிடும். கோடை விடுமுறையில் வாக்கிங் கூட்டம் உள்ளே நிறைந்து, நீங்கள் வெளி லேனுக்கு ஒதுங்கியிருந்தால் வேகம் கூடியும் நேரம் குறைந்திருக்காது. வெயிலும் ஒரு காரணம். ஜனவரிப் பனியில் ஓடிய நேரத்தோடு மே மாத நேரத்தை ஒப்பிடுவது நியாயமில்லை. இரண்டும் இல்லையென்றால் மேலே படியுங்கள்.

தினமும் ஒரே தூரம், ஒரே வேகம் என்றால் உடல் அதற்குப் பழகிவிடும். உங்கள் வேகம் இரண்டுங்கெட்டான் வேகம்: தசைக்கு ஓய்வு தராத அளவுக்கு அதிகம், புதிதாக எதையும் கற்றுத் தராத அளவுக்குக் குறைவு. வாரம் ஓடும் 18 கி.மீ.யைக் கூட்டாமல் பங்கை மாற்றினால் போதும்.

செவ்வாயும் வெள்ளியும் 4 கி.மீ. மெதுவோட்டம், சுற்றுக்கு 3 நிமிடம் 35 விநாடி (3:35) முதல் 3:50. ஓடிக்கொண்டே போன் பேசினால் எதிர்முனையில் இருப்பவருக்கு நீங்கள் ஓடுவது தெரியக் கூடாது, அவ்வளவு மெதுவாக. கூச்சமாக இருக்கும், பக்கத்தில் நடப்பவர்கள்கூட முந்துவதுபோல் தோன்றும். ஆனால் இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தின் அளவும் தசைக்குள் நுண்குழாய்களும் பெருக இந்த ஓட்டம் உதவும். ஞாயிறும் இதே வேகம். முதல் வாரம் 4 கி.மீ., பிறகு வாரம் அரை கி.மீ. கூட்டுங்கள். நான்காவது வாரம் மட்டும் 4-க்கு இறங்கி, ஐந்தில் 5.5, ஆறில் 6. கே.ஆர்.பி. அணைப் பக்கம் போனால் மேட்டில் வாட்சைப் பார்க்காதீர்கள், மூச்சைப் பாருங்கள்.

வேகத்துக்கு வியாழன் மட்டும். இரண்டு சுற்று மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கி, பிறகு 2:48-இல் ஒரு சுற்று, 200 மீட்டர் நடை. இப்படி நான்கு முறை. கடைசியில் இரண்டு சுற்று மெதுவாக. பலரும் கோட்டை விடுவது முதல் 100 மீட்டரில்தான். அங்கே வாட்ச் 42 விநாடி காட்ட வேண்டும். 35 காட்டினால் மூன்றாவது சுற்றில் கால் கல்லாகிவிடும். நான்காவது சுற்றும் முதல் சுற்றும் மூன்று விநாடிக்குள் ஒத்திருந்தால் சரியாக ஓடியிருக்கிறீர்கள். மூன்றாவது வாரத்தில் ஐந்து முறை, ஐந்தாவதிலிருந்து ஆறு முறை. நான்காவது வாரம் மூன்று போதும். முறைதான் கூட வேண்டும், வேகம் கூடக் கூடாது.

மற்ற மூன்று நாள் ஓட்டமே இல்லை. நுரையீரல் தேறும் வேகத்தில் தசைநாரும் எலும்பும் தேறாது. கணுக்காலுக்கு மேல் முன்னெலும்பில் அழுத்தும்போது ஒரு விரல் அகல இடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்தால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.

மெதுவோட்டத்திலேயே மூச்சு வாங்கினால் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிடுங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை, பயிற்சி சரியாக எடுபடாது. களியும் கீரையும் சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் நம் பக்கம் அதிகம். அது இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். எலுமிச்சை பிழிந்துகொண்டால் நல்லது.

ஏழாவது வாரம் சோதனை ஓட்டம். முந்தைய இரண்டு நாள் ஓய்வு, காலை ஐந்தரைக்கு உள் லேனில். முதல் இரண்டு சுற்றில் ஒவ்வொன்றும் 3:05-க்கு முன்னால் முடியக் கூடாது. ஐந்தாவது சுற்றுக்குப் பிறகும் தெம்பு இருந்தால் அப்போது விட்டு ஓடுங்கள்.